மேர்லின் அக்காவின் கலியாணத்தைத் துண்டு போட்ட கதை

என் வாழ்க்கையில் நான் ஒரேயொரு கலியாணத்தைத்தான் குழப்பியிருக்கிறேன். அதுவும் பூசையில் கலியாண ஓலை வாசிக்கும்போது எழுந்து நின்று தடை சொல்லி அல்ல. அப்படிச் செய்திருந்தால் துணிச்சல்காரி என்ற பெயராவது மிஞ்சியிருக்கும். கலியாணம் நல்லபடியாக நடந்து, மாப்பிள்ளை வெளிநாட்டுக்குத் திரும்பிப் போய், நாலு மாதம் கழிந்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை காலை, கதிரையில் இருந்தபடியே ஓர் எண்ணைத் தட்டிக் குழப்பினேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சமாதான ஒப்பந்தம் காகிதத்தில் மட்டும் மிச்சமிருந்த காலம். கொழும்பில் ஆறு மாதம் கம்பியூட்டர் படித்துவிட்டு மன்னாருக்கு வந்திருந்தேன். ஆறு மாதம் படித்தவர்களிடம் உள்ள ஆபத்து என்னவென்றால், ஒரு வருடம் படித்தவர்களுக்கு வருகிற பயம் அவர்களுக்கு இன்னும் வந்திருக்காது. எனக்கு அறவே வரவில்லை. என் சான்றிதழைக் கண்ணாடி போட்டு வீட்டு முன்னறைச் சுவரில், திருக்குடும்பப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தேன். (அம்மா அதைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் வைப்பார். நான் திரும்ப மாட்டுவேன்.)

வேலை யூட் அண்ணையின் ஸ்ரூடியோவில். பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடி. யூட் அண்ணைதான் முதலாளி, அவர்தான் கமராக்காரர். கலியாணம், ஞானஸ்நானம், சாமத்தியவீடு, செத்தவீடு என்று மன்னார்த் தீவில் ஆர் எதற்கு அழுதாலும் சிரித்தாலும் அவர் தோளில் கமராவோடு நிற்பார். அவர் எடுத்துக்கொண்டு வருவதைக் கம்பியூட்டருக்குள் இறக்கி, வெட்டி ஒட்டி, பூவும் புறாவும் பறக்க விட்டு, சீடியாக்கிக் கொடுப்பது என் வேலை.

நான் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரு பெரிய பிரச்சினை இருந்தது. படத்தை இறக்கும்போது இடையிடையே சில காட்சிகள் விழுந்துவிடும். மணப்பெண் கோவில் படியில் கால் வைப்பாள், அடுத்த கணம் பீடத்துக்கு முன்னால் நிற்பாள். நடுவில் அவளைக் கைபிடித்து நடத்திக்கொண்டு போன தகப்பனைக் காணாது. தகப்பன்மார் மாடியேறி வந்து சண்டை பிடித்தார்கள். ஒரு டிஸ்க்கால் அந்த வேகத்துக்கு எழுத முடியவில்லை என்று நான் தீர்ப்புச் சொல்லி, அதே அளவில் இன்னொரு டிஸ்க் வாங்குவித்து, இரண்டையும் மென்பொருளாலேயே ஒன்றாகக் கட்டினேன். கம்பியூட்டருக்கு அது ஒரே டிஸ்க்காகத் தெரியும்.

இதை யூட் அண்ணைக்கு மீனை வைத்துத்தான் விளங்கப்படுத்தினேன். (மன்னாரில் வேறு எதை வைத்து விளங்கப்படுத்துவது?) "ஒரு பெரிய அறக்குளா எண்டு வையுங்கோ அண்ணை. ரெண்டு பேர் ரெண்டு பெட்டியோட நிக்கினம். முதல் துண்டு இவருக்கு, அடுத்த துண்டு அவருக்கு, மூண்டாவது திரும்ப இவருக்கு. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில வாங்கிறதால வேலை அரைவாசி நேரத்தில முடிஞ்சிடும். திரும்ப முழு மீனாப் பொருத்தேக்க இவரிட்ட ஒண்டு, அவரிட்ட ஒண்டு எண்டு மாறி மாறி எடுத்து அடுக்கோணும்."

"அப்ப துண்டு எவ்வளவு பெரிசு?" என்று அவர் கேட்டார்.

அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். துண்டு மிகச் சிறியதென்றால் ஒரு சின்ன வேலைக்கும் இரண்டு பேரும் ஓடித் திரிய வேண்டும். மிகப் பெரியதென்றால் ஒருவர் சுமக்க மற்றவர் சும்மா நிற்பார். வேலைக்கு ஏற்றபடி துண்டின் அளவைத் தெரிவு செய்ய வேண்டும். அதுதான் திறமை. இதைப் பற்றி இணையத்தில் தேடி, ஒரு கடையில் காத்திருந்து பதினாலு பக்கம் அச்சடித்துக்கொண்டு வந்திருந்தேன். பதினாலு பக்கமும் கடைசியில் சொன்னது ஒன்றுதான்: உங்கள் தேவையைப் பொறுத்தது, சோதித்துப் பாருங்கள். சமையல் குறிப்பில் 'உப்பு தேவையான அளவு' என்று எழுதுகிற ஆட்களின் வேலை இது. எனக்குக் கோபம் வந்தது.

ஆனாலும் சோதித்தேன். பதினாறு கிலோபைற், முப்பத்திரண்டு, நூற்று இருபத்தெட்டு, ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்று கட்டுவதும் கலைப்பதுமாக இரண்டு நாள். நடுவில் மூன்று தரம் கரண்ட் போனது. இரண்டாம் நாள் பின்னேரம் தீர்ப்பை அறிவித்தேன். "நூற்று இருபத்தெட்டு."

யூட் அண்ணைக்கு அது பெரிய பெருமையாகப் போய்விட்டது. வருகிற வாடிக்கையாளர்களிடம் எல்லாம், "இஞ்ச எல்லாம் நூற்று இருபத்தெட்டிலதான். பிள்ளை சோதிச்சுப் பாத்து வச்சது," என்று சொல்லுவார். அவர்களும் அது ஏதோ காய்ச்சல் அளவு என்பதுபோல் கவலையோடு தலையாட்டுவார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் தட்டிக்கொண்டிருப்பேன்.

இனி மேர்லின் அக்கா.

அவர் வங்காலையில் தையல்காரி. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவருக்கும் செபஸ்ரியன் என்பவருக்கும் ஏழு வருட விருப்பம். செபஸ்ரியன் குளிரான ஒரு நாட்டுக்குப் போய், வதிவிட உரிமை எடுத்து, மூன்று கிழமை லீவில் வந்து, வங்காலைக் கோவிலில் தாலி கட்டிவிட்டுத் திரும்பிப் போனவர். அக்காவைக் கூப்பிட்டுக்கொள்வதற்கு அவர் போட்ட விண்ணப்பத்தில்தான் சிக்கல். அக்கா ஒருமுறை கொழும்புக்குப் போய்த் தூதரகத்தில் கலியாண அல்பத்தைக் காட்டியிருக்கிறார். அங்கே இருந்தவர்கள் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் படங்கள் எல்லாம் பொம்மை வைத்து எடுத்தது மாதிரி இருக்கிறது, உண்மையான கலியாணம் என்று எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை, கலியாண வீடியோ இருந்தால் கொண்டு வா என்று சொல்லியிருக்கிறார்கள். (அல்பமும் எங்கள் ஸ்ரூடியோவுடையதுதான். யூட் அண்ணை ஆட்களை மூச்சு விடவும் விடமாட்டார்.) திங்கட்கிழமை இரண்டாவது நேர்முகம். அதுவும் சரிவராவிட்டால் திரும்ப விண்ணப்பித்து வரிசையில் நிற்க ஒன்றரை வருடம். அந்த நாட்களில் ஒன்றரை வருடத்துக்குப் பிறகு கொழும்புக்குப் பாதை இருக்குமோ என்று ஆருக்கும் தெரியாது. பெருநிலத்துப் பக்கமிருந்து இடி மாதிரி அடிக்கடி கேட்கும். அது மழைக்காலமுமல்ல.

கலியாணம் நடந்து நாலு மாதமாகியும் வீடியோ ஏன் கொடுக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஸ்ரூடியோவில் கலியாண வீடியோ முதல் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு முன்னால் கிடைத்தால் அது விரைவான சேவை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கமராக் கசெற்றுகள் கொழும்பிலிருந்து வர வேண்டும். வழியில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பொதி அவிழ்க்கப்படும், கேள்வி கேட்கப்படும், சிலவேளை கசெற் அங்கேயே நின்றுவிடும். அதனால் யூட் அண்ணையிடம் ஒரு நடைமுறை இருந்தது. படம் கம்பியூட்டருக்குள் போனதும் அதே கசெற்றில் அடுத்த விசேசத்தை எடுப்பார். மேர்லின் அக்காவின் கலியாணம் இருந்த கசெற்றில் இப்போது பேசாலையில் முப்பத்திரண்டு பிள்ளைகள் பூசையில் முதல் நன்மை அப்பம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆகவே அந்தக் கலியாணம் இந்த உலகத்தில் இருந்தது ஓர் இடத்தில் மட்டும். நான் துண்டு போட்டு வைத்திருந்த அந்த இரண்டு டிஸ்க்கில்.

வெள்ளிக்கிழமை வந்தது. அக்கா பத்து மணிபோல் வந்து, பின்னேரம் சீடியை வாங்கிக்கொண்டு, அன்றிரவு உப்புக்குளத்தில் தன் தையல் கூட்டாளி வீட்டில் தங்கி, சனி விடியக் கொழும்பு பஸ் ஏறுவதாக ஏற்பாடு. ஐந்து மணிக்குப் பிறகு றோட்டில் ஆள் நடமாட்டம் இராது. நான் எட்டரைக்கே போய்விட்டேன். இன்றைக்கு வேகம் வேண்டும் என்று நினைத்தேன். முதல் நன்மை வீடியோவை இறக்கும்போது இரண்டு மூன்று இடத்தில் படம் விழுந்தது ஞாபகம் வந்தது. நூற்று இருபத்தெட்டு போதாது, துண்டைப் பெரிதாக்கினால் எல்லாம் பறக்கும் என்று என் ஆறு மாதப் படிப்பு சொன்னது.

நான் நினைத்தது இதுதான்: அளவை மாற்றினால் இனிமேல் வெட்டுகிற துண்டுகள் பெரிதாக வரும், ஏற்கெனவே வெட்டி வைத்தது வெட்டினபடியே கிடக்கும். இதை எந்தப் பக்கத்திலும் நான் வாசிக்கவில்லை. எனக்கே தோன்றியது. அந்த வயதில் எனக்குத் தோன்றுவதற்கும் உண்மைக்கும் இடையில் வித்தியாசம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை.

கட்டியிருந்ததைக் கலைத்தேன். 256 என்று அளவு போட்டுப் புதிதாகக் கட்டினேன். கம்பியூட்டர் பாவம், ஒரு வார்த்தை கேட்டது. இந்த டிஸ்க்குகள் ஏற்கெனவே ஒரு கட்டில் இருக்கிற மாதிரித் தெரிகிறதே, தொடரத்தான் வேண்டுமா என்றது. நான் ஓம் என்று தட்டினேன். 'சும்மா தொணதொணக்காதே' என்று வாய்விட்டும் சொன்னேன்.

பிறகு திறந்து பார்த்தேன். இருநூறுக்கு மேல் இருந்த கோப்புகளில் ஏழோ எட்டோ தெரிந்தன. அவற்றின் பெயர்களும் எங்கள் பாசையில் இல்லை.

அப்போதுதான், அந்தக் காலை எட்டே முக்காலுக்கு, என் மண்டைக்கு மீன் கதை முழுதாக விளங்கியது. கம்பியூட்டர் இப்போது இவருடைய பெட்டியிலிருந்து பெரிய துண்டு, அவருடைய பெட்டியிலிருந்து பெரிய துண்டு என்று எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தது. ஆனால் பெட்டிகளுக்குள் கிடந்ததோ சின்னத் துண்டுகள். தலைக்குப் பிறகு வால் வந்து ஒட்டும். பழைய அளவு எது என்ற குறிப்பு அந்த டிஸ்க்கிலேயேதான் இருந்தது. அதன் மேல் இப்போது என் 256 இருந்தது.

'சரி, பதறாதே,' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழைய அளவு எனக்குத் தெரியாதா? தீவு முழுக்கத் தெரியும். 128 என்று போட்டுத் திரும்பக் கட்டினேன். கோப்புகளின் பெயர்கள் கொஞ்சம் கூடுதலாக வந்தன. வங்காலை என்று ஒன்று கண்ணில் பட்டது. எனக்கு உயிர் வந்தது. திறந்தேன்.

அந்த நேரம் பார்த்து மேர்லின் அக்கா, சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாக, பையோடு மாடியேறி வந்துவிட்டார்.

திரையில் செபஸ்ரியன் நின்றார். அதாவது அவருடைய பாகங்கள் எல்லாம் இருந்தன. கோட்டு மேலே, நெற்றி கீழே, மீசை இருக்க வேண்டிய இடத்தில் அக்காவின் பூச்செண்டு. பாடற்குழு தொண்டையில் முள் சிக்கியது மாதிரிக் கத்தியது. அக்கா எனக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதென்ன தங்கச்சி, என்ர மனுசன்ர வாயில ஆர் பூச்செண்டை வச்சது?"

"அது... எஃபெக்ட் அக்கா," என்றேன்.

இந்தப் பொய்க்காக நான் பிறகு பாவசங்கீர்த்தனத்தில் தனியாக ஒரு தரம் முழங்காலில் நின்றேன். அக்கா நம்பிக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்துக் கைமடிப்புத் தைக்கத் தொடங்கினார். நான் திரைக்கு முன்னால் வேலை செய்வது மாதிரி நடித்தேன். கீழே மருந்துக் கடையில் ஆரோ இருமல் மருந்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆளாக நான் இருக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.

ஒன்பதரைக்கு யூட் அண்ணை வந்தார். அவரைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் உண்மையைச் சொன்னேன். அவர் சத்தமே போடவில்லை. நெற்றியில் கை வைத்து, "மடு மாதாவே," என்றார். பிறகு, "திருத்தச் சொல்லு. கம்பியூட்டருக்குத் தன்னைத் தானே திருத்தத் தெரியுமெண்டு நீதானே சொன்னனி?" என்றார்.

அது உண்மை. திருத்தட்டுமா என்று திரையிலும் ஒரு கேள்வி நின்றது. நான் அச்சடித்த பதினாலு பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்த ஒரே வரி அப்போது ஞாபகம் வந்தது: கட்டு சரியில்லாதபோது எதையும் எழுத விடாதே, எழுதினால் அதோடு சரி. "இல்லை அண்ணை, அது திருத்துறன் எண்டு உள்ளதையும் அழிச்சுப்போடும்," என்றேன். அவரோ தானே தட்டிவிடுவார் போலத் திரையைப் பார்த்தார். நான் ஓடிப்போய்க் கதிரையில் இருந்து, என் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். அன்று நான் செய்த ஒரே புத்தியான காரியம் அதுதான். அதுவும் பயத்தில் செய்தது.

யூட் அண்ணை, காணாமல்போன பொருட்களுக்குப் பொறுப்பான அந்தோனியாருக்கு, ஸ்ரூடியோ மூலையில் இருந்த படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தப் போனார். இனி மறைக்க முடியாது. நான் கதிரையைத் திருப்பினேன்.

"அக்கா, நான் உங்கட வீடியோவைக் குழப்பிப்போட்டன்."

ஊசி நின்றது. "எவ்வளவு?"

"முழுக்க."

அக்கா ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்குக் கண் முட்டியது. ஏழு வருடம் ஒருவருக்காகக் காத்திருந்த மனுசி, நான் கெட்டித்தனம் காட்டப் போய் இன்னும் எத்தனை வருடம் காத்திருக்க வேண்டுமோ என்று நினைத்தபோது, செத்துப்போகலாம் போல வெட்கமாக இருந்தது. வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழை நானே கழற்றி அலுமாரிக்குப் பின்னால் எறிய வேண்டும் என்று நினைத்தேன்.

"நான் இப்ப அழ மாட்டன்," என்றார் அக்கா. "அழுதா நீங்களும் அழுவீங்கள். பிறகு ஆர் வேலை செய்யிறது? என்ன நடந்ததெண்டு எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ."

மீன் கதையைச் சொன்னேன். அவர் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார்.

"அப்ப மீன் கெட்டுப்போகேல்ல. வெட்டின அளவுதான் தெரியாது."

"ஓம் அக்கா. ஆனா எனக்குத் தெரியும். நூற்று இருபத்தெட்டு. அதில வரேல்ல. அதுதான் விளங்கேல்ல."

"வேற அளவில வச்சுப் பாருங்கோவன்."

பார்த்தேன். திறந்து வாசிக்க மட்டும் விட்டு, எழுத விடாமல், ஒவ்வொன்றாக. முப்பத்திரண்டு. வரவில்லை. பதினாறு. அதற்கு ஒரு பெயர்கூடத் தெரியவில்லை. ஐந்நூற்றுப் பன்னிரண்டு. அதில் செபஸ்ரியன் முழுதாகக் கரைந்து பச்சை நிறமாக ஓடினார். நான் சோதித்துப் பார்த்த அளவுகள் எல்லாம் முடிந்தன. நேரம் பதினொன்றே கால். யூட் அண்ணை இரண்டாவது மெழுகுதிரிக்கு மாறினார்.

மேர்லின் அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "தங்கச்சி, சில சனம் துணியைத் தந்திட்டு அளவு சொல்லாமப் போயிடும். அப்ப நான் என்ர வழமையான அளவில வெட்டுவன். உங்கட மெசினுக்கும் அப்பிடி ஒரு வழமை இருக்குந்தானே? ஒண்டும் சொல்லாமல் விட்டா அது எந்த அளவில வெட்டும்?"

"அறுபத்துநாலு. ஆனா நான் அதை வைக்கேல்ல அக்கா."

"ஏன்?"

"அது..." என்று இழுத்தேன். "அது ஒண்டும் தெரியாத ஆக்கள் வைக்கிறது."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். யூட் அண்ணையும் மெழுகுதிரியோடு திரும்பிப் பார்த்தார். அந்தோனியாரும் பார்த்த மாதிரித்தான் எனக்கு இருந்தது.

64 என்று போட்டேன்.

இருநூற்றுப் பதினேழு கோப்புகளும் வரிசையாக வந்து நின்றன. வங்காலையைத் திறந்தேன். கோவில் மணி அடித்தது. மேர்லின் அக்கா தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினார். தகப்பன் கடைசிவரை விழவில்லை. பீடத்துக்கு முன்னால் செபஸ்ரியன் நின்றார், மீசை மூக்குக்குக் கீழே.

"ஐயோ," என்றார் மேர்லின் அக்கா. அழ மாட்டேன் என்றவர் அப்போதுதான் அழுதார். நானும் அழுதேன். யூட் அண்ணை அந்தோனியாருக்கு நன்றி சொல்லிவிட்டு, கீழே போய் எல்லாருக்கும் சோடா வாங்கிக்கொண்டு வந்தார்.

பிறகு யோசித்தபோதுதான் பிடிபட்டது. துண்டின் அளவைத் தேடிய அந்த இரண்டு நாள் சோதனை முடித்துக் கடைசியாகக் கட்டிய நேரம் கரண்ட் போயிருந்தது. திரும்ப வந்ததும் அவசரத்தில் கட்டளையைத் தட்டியபோது அளவைப் போட மறந்துவிட்டேன். கம்பியூட்டர் தன் வழமைப்படி அறுபத்துநாலில் வெட்டிக்கொண்டு பேசாமல் வேலை செய்திருக்கிறது. நான் அதற்கு முன்னால் இருந்து மாதக்கணக்காக நூற்று இருபத்தெட்டின் அருமை பெருமைகளைப் பிரசங்கித்திருக்கிறேன்.

இனி எடிற்றிங்குக்கு நேரம் இல்லை. கம்பியூட்டர் சீடியாக மாற்றி முடிக்கவே நாலு மணியாகும். எதையும் வெட்டாமல், ஒட்டாமல், கோவிலிலிருந்து வரவேற்பு மண்டபம் வரைக்கும் ஒரு மணித்தியாலத்தை அப்படியே போட்டுவிட வேண்டியதுதான் என்றேன்.

யூட் அண்ணைக்கு இதுதான் பெரிய இழவாக இருந்தது. "ஒரு புறா? ஒரு ரோசாப்பூ? ஒண்டும் இல்லாம வெறும் வீடியோவைக் குடுத்தா ஸ்ரூடியோப் பேர் என்னத்துக்காகும்?"

"எனக்குப் புறா வேண்டாம் அண்ணை," என்றார் மேர்லின் அக்கா. "விசா காணும்."

நாலரைக்குச் சீடியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உப்புக்குளத்துக்கு நடந்தார். நான் மாடியிலிருந்து அவர் தலை மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஸ்ரூடியோவுக்குப் போன் வந்தது. அக்கா ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். நேர்முகத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தாராம். சீடியைப் போட்டுக் கோவில் பகுதியை ஓட்டி ஓட்டிப் பார்த்தாராம். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லையாம். இதுவும் சரிவராது என்று அக்கா மனதைத் தேற்றிக்கொண்டாராம். அப்போது மண்டபத்துப் பகுதி வந்தது. படம் எடுக்க ஆட்களை அடுக்கும்வரை மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் ஒரு மூலையில் இருத்தியிருந்தார்கள். கமரா ஓடுகிறதென்று இரண்டு பேருக்கும் தெரியாது. (யூட் அண்ணைக்கும் தெரியாது. நிற்பாட்ட மறந்து மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.)

அதில் மேர்லின் அக்கா, முழு நகையோடும் முக்காட்டோடும், பல்லைக் கடித்துக்கொண்டு செபஸ்ரியனை ஏசுகிறார். "விடியத் தொடக்கம் நான் பச்சைத் தண்ணி குடிக்கேல்ல. நீங்கள் மட்டும் பின்னால போய் றோல்ஸ் திண்டிட்டு வந்தனீங்களோ? மீசையில தூள் கிடக்கு." செபஸ்ரியன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கோட்டுப் பைக்குள் கைவிட்டு, துடைக்கிற தாளில் சுற்றிய இன்னொரு றோல்ஸை எடுத்து அக்காவின் மடியில் வைக்கிறார். அக்கா தலையைக் குனிந்து, முக்காட்டுக்குள்ளேயே அதை இரண்டு வாயில் முடிக்கிறார். செபஸ்ரியன் முக்காட்டைப் பிடித்து மறைத்துக்கொண்டு நிற்கிறார்.

அந்த அம்மா படத்தை நிறுத்தி, என்ன பேசுகிறார்கள் என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டாராம். அவர் சிரித்துச் சிரித்துச் சொன்னாராம். அம்மா திரும்ப ஒருதரம் போட்டுப் பார்த்தாராம். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இது புருசன் பெண்சாதிதான்," என்று சொல்லி, கடுதாசியில் முத்திரை குத்தினாராம்.

எடிற்றிங் நடந்திருந்தால் நான் முதலில் வெட்டி எறிந்திருக்கக்கூடிய இடம் அதுதான். அந்த இடத்தில் இரண்டு புறா பறந்திருக்கும்.

மேர்லின் அக்கா போய் ஆறாவது கிழமை பாதை பூட்டுப்பட்டது. அதற்குப் பிறகு மன்னாரில் என்னென்ன நடந்தது என்பது வேறு கதை. அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

இப்போது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஊரிலேயே பிள்ளைகளுக்குக் கம்பியூட்டர் படிப்பிக்கிறேன். இந்தக் கதையை நான் வீட்டில் மூச்சுக்கூட விடவில்லை. மேர்லின் அக்கா குடும்பத்தோடு லீவில் வந்தபோது, எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, என் மகளுக்கும் என் மனுசனுக்கும் முன்னால் நடித்தே காட்டிவிட்டுப் போனார். அன்றோடு என் மானம் கப்பலேறியது. நான் எதையாவது உறுதியாகச் சொன்னால் போதும், இந்தக் குழம்புக்கு இவ்வளவு புளிதான் என்றாலும் சரி, இந்தப் பள்ளிக்கூடம்தான் நல்லது என்றாலும் சரி, மகள் கேட்பாள்: "அம்மா, இது நீங்கள் நம்பர் போட்டதோ, போட மறந்ததோ?"

போன மாதம் எங்கள் கலியாண நாள். சாப்பாட்டு மேசையில் இவர் மெதுவாகக் கேட்டார். "எல்லாத்தையும் விடும். என்னை? நம்பர் போட்டனீரோ, போட மறந்தனீரோ?"

மகள் தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் யோசித்தேன். எனக்கு அந்தக் காலத்தில் இரண்டு சம்பந்தம் வந்தது. யோசித்துச் சொல்லு என்று ஒரு கிழமை தந்தார்கள். எனக்கு வேலை மும்முரம், ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வீட்டார் தாங்களாகவே இவருக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

"போட மறந்ததுதான்," என்றேன். "ஆனா இனி மாத்துறதெண்டா முதல்ல உள்ளது எல்லாத்தையும் வேற இடத்தில கொப்பி எடுத்து வைக்கோணும். பதினெட்டு வருசத்தை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது? பேசாம இருந்து சாப்பிடுங்கோ."